தண்டையார்பேட்டை தெரபி சென்டர்: 3 மாத நோட்டு

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். சட்டைக் காலர் லேபிள் உறுத்தினால் சட்டையையே பிய்த்துப் போடுவான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது எம்.சி. ரோட்டுக் கூட்டத்துக்கு நடுவே தரையில் விழுந்து புரண்டான். "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம்" என்று ஒரு அம்மா காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். மகனுக்கு வயது 5.

அப்புறம்தான் இந்த சென்டர். வாரம் 2 நாள், முக்கால் மணி நேரம், தடவைக்கு 600 ரூபாய். செங்குத்தான மாடிப்படி, காத்திருக்க 4 பிளாஸ்டிக் நாற்காலி. உள் அறை மட்டும் அருமை: கூரைக் கொக்கியில் துணி ஊஞ்சல், டிராம்போலின், கை விட்டு அளைய ஒரு டப் நிறைய அரிசி. சென்ஸரி இன்டக்ரேஷன், அதாவது புலன் ஒருங்கிணைப்பு தெரபி என்று பெயர். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) ஜீன் அயர்ஸ் 1972-ல் புத்தகமாக எழுதிய முறையாம். அசைவையும் தொடுதலையும் மூளை ஒழுங்காக வாங்கிக்கொண்டால் நடத்தையும் சீராகும் என்பது கணக்கு.

முன்னால் பார்த்த வேறொரு இடத்தில் ஒரு வருட பேக்கேஜ், கனம் தைத்த ஜாக்கெட்டுக்குத் தனி விலை, "கண்டிப்பா சரியாயிடும்" என்றார்கள். இந்த சென்டரின் தெரபிஸ்ட் மேடம் முதலில் குழந்தை டாக்டரிடம் ஆட்டிசமா, ஏடிஹெச்டியா (கவனம் நிற்காத, அதீதத் துறுதுறுப்புப் பிரச்சினை) என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே 2012-ல், இந்த தெரபி பற்றிய ஆய்வுகள் குறைவு, முடிவாக எதுவும் சொல்ல முடியாது என்று எழுதியிருப்பதையும் அவரே சொன்னார். "3 மாசம் பாப்போம். என்ன மாறணும்னு நீங்களே எழுதுங்க. மாறலைன்னா நிறுத்திடலாம்மா" என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்.

உடம்புக்குக் கனமான வேலை கொடுக்கச் சொன்னார். எங்கள் தெருவில் அடிபம்பு இருக்கிறதே! காலையில் சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர், பம்பிலிருந்து வாசல் வரை. இடுப்பில் நிற்காது, வயிற்றோடு அணைத்துக்கொண்டு தளும்பத் தளும்ப வருவான். டிராயர் முழுக்க ஈரம். ஆனால் ஸ்கூல் வேனில் அடம் பிடிக்காமல் ஏறுகிறான். மிக்ஸி சுவிட்சையும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி அவனே போடுகிறான்.

நோட்டின்படி, அடித்ததும் கடித்ததும் முதல் வாரம் 11 தடவை, பன்னிரண்டாவது வாரம் 4. ஊஞ்சலா, குடமா, நாங்கள் கத்துவதை நிறுத்தியதா, எது வேலை செய்தது என்று சத்தியமாகத் தெரியாது. கடைத்தெருக் கூட்டத்தில் இன்னும் அதே கதைதான்.

பெரிய குறை ஒன்று. சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகள் வரும் இடத்துக்குக் கீழேயே லேத் பட்டறை! பட்டறைக்கு ஞாயிறு லீவு, சென்டர் அன்று மதியம் வரை உண்டு. அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.