ரயிலில் பாட்டுக் கேட்க எது தோது: கைப்பேசியா, வாக்மேனா, கிளிப் பிளேயரா?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவனுக்கு ஒரு கைதான் மிச்சம். இன்னொன்று மேலே வளையத்தில் தொங்குகிறது. அந்த ஒற்றைக் கையால், கண்ணால் பார்க்காமல், பாட்டை மாற்ற முடிகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. ஒலித் தரமெல்லாம் அதற்கப்புறம்.

கைப்பேசி ஏற்கெனவே பையில் இருக்கிறது, தனிச் செலவில்லை, உலகத்துப் பாட்டெல்லாம் அதில் கிடைக்கிறது. ஆனால் ஆலாபனை தார ஸ்தாயியை எட்டும் நேரம் பார்த்து 'கடன் வேண்டுமா சார்?' என்று ஓர் அழைப்பு வரும். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் வெளியே எடுத்து, திரையை விழிக்க வைத்து, விரலால் தேட வேண்டும். 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. வயர் வேண்டுவோருக்கு யூஎஸ்பி-சி துளையில் செருகும் சிறு மாற்றி இருக்கிறது. நல்லதாகப் பார்த்து வாங்கினால் ஒலியில் குறை சொல்ல ஏதுமில்லை. என்ன, விரல் நீளம்தான் இருக்கும். நான் இரண்டைத் தொலைத்திருக்கிறேன்.

சோனியின் என்டபிள்யூ-ஏ306 வாக்மேனை நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். பழைய கேசட் வாக்மேன் அல்ல, ஆண்ட்ராய்டில் ஓடும் பாட்டுக் கருவி. எடை 113 கிராம். பக்கவாட்டில் நிஜமான பொத்தான்கள்; பைக்குள் தவறி அழுந்தாமல் இருக்கப் பூட்டும் உண்டு. கட்டைவிரல் அரை நாளில் பழகிவிடுகிறது. 3.5 மி.மீ. துளை, மெமரி கார்டு இடம் இரண்டும் இருக்கின்றன. சிம் இல்லாததால் யாரும் அழைக்க முடியாது. குறைகளும் உண்டு. உள்ளே 32 ஜிபி என்றாலும் பெரும் பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்வதால் கார்டு போட்டே ஆக வேண்டும். விலையோ நல்ல கைப்பேசி ஒன்றின் விலை. அந்த நுணுக்கமான ஒலியை இரவு வீட்டில் கேட்டால் தெரிகிறது. ரயில் இரைச்சலில் யாருக்குத் தெரியப்போகிறது? அங்கே காதை அடைத்துப் பொருந்தும் ரப்பர் முனைதான் உண்மையில் உதவுகிறது.

பழைய ஐபாட் கிளாசிக்கைத் தேடி அலைபவர்களும் உண்டு. விரலால் சுழற்றிப் பாட்டைத் தேடும் அந்தச் சக்கரத்துக்கு ஈடு இன்னும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2014-இல் உற்பத்தி நின்ற கருவி அது; பேட்டரி களைத்திருக்கும், உள்ளே சுழலும் வட்டுக்கும் வயதாகியிருக்கும். பிரித்து மாற்றத் தெரிந்தவர்கள் வாங்கலாம்.

கடைசியில் என் சட்டைப்பையில் குடியேறியது தீப்பெட்டி அளவிலான கிளிப் பிளேயர், அதாவது துணியில் கவ்வ வைக்கும் சின்ன எம்.பி.3 கருவி. வினாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் பதிந்த எம்.பி.3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 12 எம்பி. 32 ஜிபி கார்டில் 2,500 பாட்டுக்கு மேல் அடங்கும். எஃப்.எம். வேறு. விலையில் வாக்மேனுக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்காக இது குறையில்லாத பிறவி என்று எண்ண வேண்டாம். தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் வெறும் சதுரங்களாகத் தெரிகின்றன. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். ராகம், தானம், பல்லவி எனத் தனித்தனிக் கோப்பாக வெட்டிய கச்சேரிப் பதிவில் ஒவ்வொரு எல்லையிலும் அரை வினாடி மௌனம் விழுகிறது. தானத்தின் ஓட்டத்தில் அது பல்லில் கல் கடிபட்டது போல் இருக்கும். வாக்மேனில் இந்தத் தொல்லை இல்லை. கணினியில் மூன்றையும் ஒரே கோப்பாக ஒட்டிச் சமாளித்துக்கொண்டேன்.

அடுக்களை அலமாரிக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம். பாட்டுகளை உள்ளேயே நிரப்பித் தரும் சரிகமாவின் கார்வான் போதும். பைக்குள் அடங்காது, அவ்வளவுதான்.

வாக்மேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் மனமில்லாமல்தான். இப்போது கோடம்பாக்கம் தாண்டும்போது சட்டைத் துணிக்கு மேலேயே பொத்தானைத் தடவி ஒருமுறை அழுத்துகிறேன். நுங்கம்பாக்கம் வருவதற்குள் அடுத்த பாட்டின் பல்லவி முடிந்துவிடுகிறது.