மாட்டுக்கறி வறுவலுக்குப் பதில் மீல் மேக்கர் எடுபடுமா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் போட்டுப் புரட்டும் மாட்டுக்கறி வறுவலுக்கு மாற்று என்றதும் முதலில் கைக்கு வருவது மீல் மேக்கர். செய்முறை சரியாக இருந்தால் ஓரளவு தேறும்.

100 கிராம் உருண்டையை உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிய வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உள்ளே தண்ணீர் நின்றால் மசாலா ஏறாது, சோயா வாடையும் போகாது. இறைச்சியில் தானாக உருகும் கொழுப்பு இதில் இல்லை. ஆகவே தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டிக்குக் குறையக் கூடாது. சிறுதீயில் 12 நிமிடம் போதும், மிஞ்சினால் ரப்பர். (கடையில் விற்கும் 'மீட் மசாலா'வில் இறைச்சி கிடையாது, தாராளமாகப் போடலாம்.)

காய்ந்த மீல் மேக்கரில் பாதி எடை புரதம். ஆனால் ஒரு ஆளுக்கு 30 கிராம்தான் போகும், அதாவது சுமார் 15 கிராம் புரதம். வைட்டமின் பி12 அறவே இல்லை. பால், முட்டைகூடத் தொடாத முழு வீகனுக்கு பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம்.

இடிச்சக்கை (பிஞ்சுப் பலா)? நார் அச்சு அசல் இறைச்சி, புரதமோ பெயருக்குத்தான்.

மசித்த மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) மீல் மேக்கர் நன்றாக ஒத்துப்போகிறது. புரோட்டாவோடு என்றால் கடையில் கேட்டுவிடுங்கள், மாவில் முட்டையோ பாலோ இருக்கலாம்.