காரைக்குடியிலிருந்து ராக்கெட் பார்க்க: ஸ்ரீஹரிகோட்டா கேலரியா, பழவேற்காடா, சொந்த மாடியா?

காரைக்குடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 435 கிலோமீட்டர். ரயில், பஸ் என்று மாறிப் போனால் 500-ஐத் தாண்டும். ராக்கெட் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தால் நம் பக்கத்து ஆட்களுக்கு மூன்று வழி: உள்ளே போய் இஸ்ரோவின் பார்வையாளர் கேலரியில் உட்காரலாம், பழவேற்காடு ஏரிப் பக்கம் நின்று பார்க்கலாம், எங்கும் போகாமல் வீட்டு மாடியில் ஏறி நிற்கலாம். நான் கேலரி கட்சி. அது முடியாவிட்டால் மாடி. நடுவில் இருக்கும் பழவேற்காட்டைச் சென்னைக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

கேலரி 2019-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் இஸ்ரோவின் பிஎஸ்எல்வி வகை ராக்கெட் சி-45 போனதுதான் அங்கிருந்து மக்கள் பார்த்த முதல் ஏவுதல். தொடக்கத்தில் சுமார் 5,000 பேருக்கு இடம். திறந்தவெளி, படிப்படியான இருக்கை, பெரிய திரை, எதிரே ஏவுதளங்கள்.

வித்தியாசமெல்லாம் சத்தத்தில்தான். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி எடுக்கும். கேலரியில் முதலில் வெளிச்சம் மட்டும் வரும். வெல்டிங் பொறியைப் பார்ப்பது போல் கண் கூசும், ஆனால் சத்தமே இருக்காது. வெண்புகை இருபுறமும் பிதுங்கும், ராக்கெட் மேலே போகும். அரை நிமிடத்துக்குள் இரைச்சல் வந்து சேரும். அது தொடர்ந்து இரையும் சத்தம் அல்ல. படபடவென்று வெடித்து வெடித்து வரும், சட்டைத் துணி அதிரும். திட எரிபொருள் மோட்டாரின் குணம் அது. பிஎஸ்எல்வியின் முதல் கட்டமும், அதைவிடப் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3-இன் இரண்டு பூஸ்டர்களும் (பக்கவாட்டில் கட்டிய உந்து மோட்டார்கள்) திட எரிபொருள்தான். அதனால் இரண்டும் தயங்காமல் துள்ளிக் கிளம்பும். ஜிஎஸ்எல்வி என்ற இன்னொரு வகை ராக்கெட்டில் மட்டும் நான்கு திரவ பூஸ்டர்கள் சுமார் 5 வினாடி முன்பே பற்றிக்கொள்ளும். தீயும் புகையும் வந்த பிறகும் ராக்கெட் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அப்படித்தான்.

10x50 பைனாகுலர் இருந்தால் போதும், டெலஸ்கோப் வேண்டாம். அது துரத்திப் பிடிக்காது. ஆறு பூஸ்டர் கட்டிய பிஎஸ்எல்வி-எக்ஸ்எல் என்றால் தரையில் நான்குதான் பற்றும், மீதி இரண்டு 25-ஆவது வினாடி வாக்கில் வானத்தில் பற்றும். 70-ஆவது வினாடி அளவில் முதல் நான்கும் கழன்று புள்ளிகளாகச் சிதறுவது பைனாகுலரில் தெரியும். எல்விஎம்-3 என்றால் இரண்டு நிமிடம் தாண்டியதும் இரண்டு பெரிய பூஸ்டர்களும் பிரியும். அதன் நடு எஞ்சின் தரையில் பற்றுவதே இல்லை, பாதி வழியில்தான் பற்றும். போனில் வீடியோ எடுப்பவர்கள் ஏவுதளத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு, வெளிச்ச அளவைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு வந்த கணத்தில் படம் முழுக்க வெள்ளை. அதைவிட, போனை முன்வரிசைச் சுவரில் சாய்த்து ஓடவிட்டு நீங்கள் வெறுங்கண்ணால் பாருங்கள்.

இப்போது பழவேற்காடு. அங்கிருந்து ஏவுதளம் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே. கணக்குப் போட்டால் சத்தம் வர நூறு வினாடிக்கு மேல் ஆகும். பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் எரிவதே 110 வினாடிதான். ராக்கெட் கண்ணைவிட்டுப் போகும் நேரத்துக்கு மெல்லிய உறுமல் ஒன்று வரும், காற்று எதிர்த்திசை என்றால் அதுவும் வராது. கிளம்பும் கணம் அடிவானத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. பாஸ் வேண்டாம், முன்பதிவு வேண்டாம், பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறினால் போதும் என்பது உண்மை. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போய்வர அருமையான இடம். ஆனால் காரைக்குடியிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து அங்கே போய் நிற்பது, கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டு இலையில் உட்காராமல் திரும்புவது மாதிரி. சூலூர்பேட்டைப் பக்கம் இன்னும் நெருக்கம், நேர்கோட்டில் 23 கிலோமீட்டர் அளவு; பாஸ் கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் அந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம். மெரினாவும் சென்னை மொட்டை மாடிகளும் வெளிச்சக் கோடு மட்டும்தான் காட்டும், சத்தம் கிடையாது.

தள்ளிப்போனால் என்ன செய்வது

இதற்கு விடை தெரிந்த பிறகுதான் பையைக் கட்ட வேண்டும். ராக்கெட் தள்ளிப்போவதில் பல தினுசு உண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

நிமிடக் கணக்கில் தள்ளுவது ஒன்று. 2024 டிசம்பர் 30 இரவு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு போன பிஎஸ்எல்வி சி-60, 9.58-க்குப் பதிலாக 10 மணிக்குக் கிளம்பியது. இது நமக்குப் பிரச்சினையே அல்ல. ஒரு நாள் தள்ளுவது இரண்டாவது: அதே டிசம்பர் 4-இல் ஐரோப்பியர்களின் புரோபா-3 செயற்கைக்கோளோடு பிஎஸ்எல்வி கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது செயற்கைக்கோளில் கோளாறு என்று நிறுத்தி, மறுநாள் மாலை 4.04-க்கு அனுப்பினார்கள். மூன்றாவது, வாரக் கணக்கு. சந்திரயான்-2 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குப் போக வேண்டியது. 56 நிமிடம் மிச்சமிருக்கும்போது நின்றது, ஜூலை 22 பிற்பகல் 2.43-க்குத்தான் போனது. நான்காவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ஜிஎஸ்எல்வி டி-5, 2013 ஆகஸ்ட் 19-இல் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்து, ஏறக்குறைய 74 நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. மறுபடி கிளம்பியது 2014 ஜனவரி 5.

இவை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் தெரிய வருகின்றன என்பதைக் கவனியுங்கள். கிரையோஜெனிக் எரிபொருளை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளை, கடைசிச் சில மணி நேரத்தில்தான் நிரப்புவார்கள். குழாய், வால்வு, கசிவுச் சிக்கல்களெல்லாம் குளிர் ஏறிய பிறகுதான் பல்லைக் காட்டும். அதனால் கிரையோ கட்டம் உள்ள ஜிஎஸ்எல்வி, எல்விஎம்-3 இரண்டையும்விட அந்த வகையில் பிஎஸ்எல்விக்குச் சிக்கல் குறைவு. முதல்முறை போகிறவர்கள் பிஎஸ்எல்வியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பார்க்க எல்விஎம்-3 கம்பீரம்தான். 640 டன் எடை, பிஎஸ்எல்வியின் இரண்டு மடங்கு. அதற்காக அந்த அபாயத்தை எடுக்கலாமா என்றால், சென்னையில் இரண்டு நாள் தங்க இடம் இருப்பவர்கள் எடுக்கலாம்.

இதை நம் ஊர் ரயில் டிக்கெட்டோடு வைத்துப் பாருங்கள். ஏவும் தேதி உறுதியாக வருவதற்குள் பல்லவனிலும் சேதுவிலும் சாதாரண முன்பதிவு தீர்ந்திருக்கும். மிச்சம் தட்கல்தான். அது முதல் நாள் காலை 10 மணிக்கு ஏசிக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத்தில் எடுக்க முடியும். ஏவுதலுக்கு முதல் நாள் சென்னையில் இருக்க வேண்டும் என்றால், டிக்கெட்டை அதற்கும் முதல் நாள் எடுக்க வேண்டும். கவுன்ட்டவுன் தொடங்குவதே ஏறக்குறைய ஒரு நாள் முன்புதான். ஆக, ராக்கெட் தன் உடம்புக்கு என்ன என்று வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் காசு போய்விட்டது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

அதனால் என் யோசனை: போவதற்கு மட்டும் தட்கல், திரும்புவதற்கு டிக்கெட்டே எடுக்காதீர்கள். இரவு பஸ் இருக்கிறது. தெற்கே வரும் பஸ்களெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான். சூலூர்பேட்டையிலிருந்து சென்னையின் மறுகோடி. சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் தாண்டிப் போகும் வண்டி பிடித்து, வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்க வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் ஏவுதல் என்றால் அன்றே ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய யோசனை, சென்னையில் வேறொரு காரியத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வது. நகரத்தார் வீடுகளில் சென்னையில் யாராவது ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. டாக்டரைப் பார்ப்பது, பேரன் பேத்தியைப் பார்ப்பது, கல்யாணத்துக்குத் துணி எடுப்பது, எதுவோ ஒன்று. ஒரு நாள் தள்ளினால் தாங்கும். வாரக் கணக்கில் தள்ளினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

உள்ளே போகும் முறை

ஏவுதலுக்குச் சில நாள் முன்பு இஸ்ரோ கேலரிப் பதிவைத் திறக்கும். பேர்பெற்ற ஏவுதல் என்றால் நிமிடங்களில் தீர்ந்துவிடும். போகிறவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு குறிப்பில் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் ஒட்டினால் போதும். பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுப் பெயர், தாத்தா பெயர், முதலெழுத்து என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஓடும், வாசலில் அது வம்பு. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். முதலில் பாஸ், பிறகு ரயில். வரிசையை மாற்றாதீர்கள்.

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் வண்டி உண்டு, 83 கிலோமீட்டர். வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரும். சூலூர்பேட்டையிலிருந்து ஏரிக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலைதான் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வழி. ஏவுதல் நாளில் அது அடைத்துக்கொள்ளும் என்பதால் சூலூர்பேட்டையில் நான்கு மணி நேரம் முன்பாவது இறங்கிவிடுங்கள். கட்டுச்சோற்றை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. தொப்பியும் தண்ணீரும் அவசியம், வெயிலில்தான் உட்கார வேண்டும். திரும்பும்போது எல்லாக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஸ்டேஷனை அடைய இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாழ்மேகம் இருந்தால் பத்துப் பதினைந்து வினாடியில் ராக்கெட் மேகத்துக்குள் போய்விடும், மிஞ்சுவது சத்தம் மட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ராக்கெட் தோற்றுப்போகுமோ என்ற கவலை பார்வையாளருக்குத் தேவையில்லை. 2025 மே 18-இல் பிஎஸ்எல்வி சி-61 மூன்றாம் கட்டத்தில்தான் பழுதானது. அது கேலரிக்காரர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடந்த சங்கதி.

மாடியில் நின்றால்

காசு செலவில்லை, தள்ளிப்போனால் படி இறங்கி வந்து காப்பி குடிக்கலாம். ஆனால் எல்லா ஏவுதலும் தெரியாது. மூன்று நிபந்தனை சேர வேண்டும். பிஎஸ்எல்வியாக இருக்க வேண்டும். சூரிய ஒத்திசைவு வட்டப்பாதைக்கு, அதாவது துருவங்களை ஒட்டி வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்கு, போக வேண்டும். அப்போதுதான் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பும், நமக்குக் கிழக்கே கடலுக்கு மேல் கடக்கும். தொலைத்தொடர்பு செயற்கைக்கோளோடு கிழக்கே ஓடும் எல்விஎம்-3 விலகிப் போய்விடும். மூன்றாவது, நேரம்: சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு, அல்லது அஸ்தமனத்துக்கு அவ்வளவு நேரம் பிறகு. நாம் இருட்டில் இருப்போம், மேலே புகையில் வெயில் படும்; வானத்தில் வெள்ளை விசிறி விரியும். 2022 பிப்ரவரி 14 காலை 5.59-க்குப் போன பிஎஸ்எல்வி சி-52 மூன்றும் கூடிய ஏவுதல்.

பூமியின் வளைவால் ராக்கெட் சுமார் 15 கிலோமீட்டர் உயரம் போகும்வரை நமக்கு அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். தூசியையும் சேர்த்தால் ஒன்றரை நிமிடம் கழித்தே தெரியும். வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, நீட்டிய கையில் இரண்டு விரல் உயரத்தில் தேடுங்கள். பிறகு கிழக்கு நோக்கி நகர்ந்து, நான்காவது நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்கு வரும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) நின்றால் எதுவும் தெரியாது, தலைக்கு மேலுள்ள வானம்தான் தெரியும். முகப்பு மாடிக்குப் போக வேண்டும், வடகிழக்கே எதிர்வீட்டு மாடி மறைக்கக் கூடாது. காரைக்குடி நகருக்குள் இருப்பவர்களுக்குப் புதுவயல் பக்கத்து அரிசி ஆலைப் புகையும் தொந்தரவு. கிழக்கும் வடக்கும் திறந்த கண்மாய்க்கரை கிடைத்தால் மாடியைவிட மேல்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் அளவுதான். அங்கிருந்து போகப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட், 34 மீட்டர் உயரம், 120 டன். இலங்கையைச் சுற்றாமல் நேராகத் தெற்கே போகலாம். அங்கே பார்வையாளருக்கு என்ன வசதி வரும் என்பதை வைத்துத்தான் நேரில் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். மாடிக்காரர்களுக்கு நிச்சயம் லாபம்: 60 கிலோமீட்டர் உயரத்தில் ராக்கெட் நமக்கு ஒன்றரை முஷ்டி உயரத்தில் தெரியும். திரும்பி நிற்க வேண்டிய திசை தெற்கிலிருந்து சற்றே மேற்கு.