நிறைந்த மடியைப் பார்த்து ஏமாந்த கதை: கறவை ஆடு வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை

பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகளும், கல்லூரியில் முதலாண்டில் இருந்த அவளுடைய அண்ணனும் சேர்ந்து, சென்ற ஆண்டு மாசி மாதத்தில் இரண்டு கறவை ஆடுகளை வாங்கினார்கள். பணம் கொடுத்தவன் நான். உடன் சென்று, "நல்ல ஆடாகத்தான் தெரிகிறது" என்று தலையாட்டியவனும் நானே. விற்றவரின் பெயரையும் பண்ணையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு, இதே முறையில் விற்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதை அதன் பிறகு விசாரித்ததில் தெரிந்துகொண்டேன். ஆகையால், எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் புழலில் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் தாத்தா காலத்து மாட்டுக்கொட்டகை ஒன்று வெறுமனே கிடந்தது. அமெரிக்காவில் 4-எச் என்னும் இளையோர் அமைப்பின் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து, தாங்களே வளர்த்த கறவை ஆடுகளை வட்டமாக நடத்திக் காட்டும் காணொளிகளைப் பார்த்துத்தான் இந்தப் பெண்ணுக்கு ஆசை வந்தது. அங்கே பிள்ளை ஆட்டை எப்படிப் பிடிக்கிறாள், எப்படி நிறுத்துகிறாள், கேட்ட கேள்விக்கு எப்படி விடை சொல்கிறாள் என்பதற்குத் தனிப்போட்டி உண்டு. ஆட்டின் தரத்தைப் பார்ப்பது வேறு போட்டி. அந்நாட்டுக் கறவை ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டையில் ஈன்ற ஆட்டுக்கு மொத்தம் 100 புள்ளிகள். அதில் பொதுத் தோற்றத்துக்கு 35, மடிக்கு 35. இதை அவள் தன் நோட்டில் எழுதி, 'மடி' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். அந்த இரண்டு கோடுகளே எங்களுக்கு வினையாக முடிந்தன என்று பிறகு நினைத்துக்கொண்டேன். பக்கத்து மாவட்டத்தில் நடக்கவிருந்த ஒரு கால்நடைக் கண்காட்சியில் கறவை ஆடுகளுக்கும் ஒரு பிரிவு உண்டென்று அறிவித்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம்கூட இல்லை என்பதால் குட்டியாக வாங்கி வளர்க்க நேரமில்லை, பால் தரும் ஆடாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அவசரத்தில் வாங்குகிறவனை விற்கிறவன் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெரியபாளையம் தாண்டி உள்ளே இருந்தது அந்தப் பண்ணை. "தூய ஜமுனாபாரி, இரண்டாம் ஈத்து, நாளொன்றுக்கு மூன்று லிட்டர், சான்றிதழுடன்" என்று அவர்களுடைய காணொளியில் சொல்லியிருந்தார்கள். ஜமுனாபாரி என்பது வடநாட்டு ஆட்டினம் ஒன்று; இரண்டாம் ஈத்து என்றால் இரண்டாம் முறை ஈன்றது. கண்காட்சிக்கு ஆடு வேண்டும் என்று பிள்ளைகள் தொலைபேசியில் சொன்னதுமே, "பரிசு வாங்கும் ஆடாகவே எடுத்து வைக்கிறேன் பாப்பா" என்றாராம் உரிமையாளர். ஆடு ஒன்றுக்கு 23,000 ரூபாய் வீதம் 46,000 ரூபாய். பிறக்கும் குட்டிகளைத் தாங்களே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் ஒரு வாக்குறுதி. திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி விற்ற ஈமு கோழிப் பண்ணைகள் 2012ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் எத்தனை குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்பதை நாளிதழில் வரி விடாமல் படித்தவன் நான். இருந்தும் அந்த வாக்குறுதி காதில் இனிக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் போனோம். முதல் ஆட்டின் மடி இரு பக்கமும் ஒத்த அளவில், தோல் பளபளக்கும்படி விம்மி நின்றது. காம்புகள் பக்கவாட்டில் விறைத்திருந்தன. ஆடு பின்னங்கால்களை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்து, மடியின் கனத்தால் அப்படி நடக்கிறது என்று நாங்கள் பூரித்துப்போனோம். அது வலியால் அப்படி நடந்தது. உரிமையாளரே உட்கார்ந்து எங்கள் கண் முன்னால் ஒன்றேகால் லிட்டர் கறந்து காட்டினார். "குட்டி குடித்தது போக இவ்வளவு, சாயங்காலம் இதே அளவு இன்னொரு தடவை" என்றார். கறந்து முடித்ததும் ஆட்டை உடனே உள்ளே ஓட்டிப்போய்விட்டார்கள். அருகில் வெள்ளைக் குட்டிகள் இரண்டு கட்டப்பட்டிருந்தன. தாயின் குட்டிகள் இவை, விலையில்லாமல் உங்களுக்கே என்றார். இரண்டாவது ஆட்டின் விஷயத்திலும் இதே காட்சிதான். முன்பணம் போக மீதித் தொகையை வேறொருவர் பெயரில் இருந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, "ஆட்டு வியாபாரத்தில் ஏது சார் ரசீது?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் குட்டிகளை அவிழ்த்துவிட்டோம். முதல் ஆடு இரண்டு குட்டிகளையும் வாலடியில் முகர்ந்து பார்த்தது. ஒன்றை முட்டித் தள்ளியது, மற்றொன்றைக் காலால் உதைத்தது. தன் குட்டியை மணத்தால் அறியும் பிராணி ஆடு, ஈன்ற தாய் இப்படிச் செய்யாது என்று எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்தே சொன்னார். அவர் சிறு வயதில் செஞ்சிப் பக்கம் ஆடு மேய்த்தவர். பயண அலுப்பாக இருக்கும் என்று நாங்கள் அவருக்குச் சமாதானம் சொன்னோம். அன்று முதல் அந்தக் குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுக்கும் வேலையும் பிள்ளைகளுடையது ஆனது.

மறுநாள் முதல் ஆட்டின் காலைக் கறவை 450 மில்லி, மாலையில் 350. அதற்கு அடுத்த நாளும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாம் நாள் இரவு தம்பி மகள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பெரியப்பா, ஒரு நாளைக்கு 800 மில்லி என்றால் ஒன்றேகால் லிட்டர் ஊற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முப்பத்தேழு மணி நேரம் வருகிறது" என்றாள். அதாவது, வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அந்த ஆட்டைக் கறக்கவே இல்லை. ஒரு நாளுக்கும் மேலாக மடியைக் கட்டிப்போட்டு, பழுக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நான் கணக்கர் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கணக்கை என் தலையில் போடத் தோன்றவில்லை.

அதைவிட மோசமானது அடுத்து வந்தது. ஆட்டுக்கு மடி இரண்டு பாதி, காம்பு இரண்டு. கறந்து முடித்த பிறகு நல்ல மடி காற்றுப் போன பைபோலச் சுருங்கித் தொங்க வேண்டும். வெள்ளச்சி என்று பெயரிட்டிருந்த இந்த ஆட்டின் வலப்பாதி அப்படித்தான் சுருங்கியது. இடப்பாதியோ கறந்த பிறகும் மாங்காய்போலக் கல்லாக நின்றது. அந்தக் காம்பிலிருந்து மூன்று நான்கு பீச்சுக்கு மேல் எதுவும் வரவில்லை, வந்ததும் திரிதிரியாக வந்தது. பண்ணையில் எடுத்த காணொளியை அண்ணனும் தங்கையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். கறந்தவர் ஆட்டின் இடப்புறமாக உட்கார்ந்து, தம் தோளால் அந்தக் காம்பை மறைத்துக்கொண்டு, ஏறக்குறைய முழுப் பாலையும் வலக்காம்பிலிருந்தே எடுத்திருந்தது தெரிந்தது. மடி நிறைந்து விம்மி நிற்கும்போது கெட்ட பாதியும் நல்ல பாதியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டை உடனே உள்ளே ஓட்டிப்போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

மாதவரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். பழைய மடிநோயால் இடப்பாதியின் சதை இறுகிப் பால் சுரக்கும் தன்மையை இழந்துவிட்டது என்றும், கறக்காமல் கட்டிவைத்ததில் வலப்பாதியிலும் புதிதாக வீக்கம் கண்டிருக்கிறது என்றும் சொன்னார். ஐந்து நாள் சிகிச்சை. சிகிச்சை முடிந்து அவர் சொல்லும்வரை பாலைப் பயன்படுத்தக் கூடாது. பிறகு ஆட்டின் கீழுதட்டை விரலால் தாழ்த்திப் பிள்ளைகளை அருகே அழைத்துக் காட்டினார். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழே எட்டு மட்டுமே. ஏறக்குறைய ஒன்றே கால் வயதில் நடுவில் இரண்டு பால்பற்கள் விழுந்து அகலமான நிலைப்பற்கள் முளைக்கும்; இரண்டு வயதை ஒட்டி நாலு பல், மூன்று வயதை ஒட்டி ஆறு பல், நான்கு வயதுவாக்கில் எட்டும் முளைத்துக் கடை சேரும். இரண்டாம் ஈத்து ஆடு என்றால் நாலு பல்லோ ஆறு பல்லோ இருப்பது இயல்பு. வெள்ளச்சிக்குக் கடை சேர்ந்து, பற்கள் தேய்ந்து, நடுவில் இடைவெளி விழுந்து, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. "ஆறேழு வயது இருக்கும்" என்றார் மருத்துவர். சந்தையில் ஆடு பிடிக்கும் எந்தத் தரகரும் கயிற்றைத் தொடும் முன் வாயைத்தான் திறப்பார். 23,000 ரூபாய் கொடுத்த நாங்கள் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்க நிற முத்திரையும் ஆங்கிலத்தில் 'தூய இனம்' என்ற வரியும் அதில் இருந்தன. எந்த ஆட்டுக்கு உரியது என்று காட்டும் காது வில்லை எண் இல்லை; ஆட்டின் காதில் வில்லையும் இல்லை. அப்படி ஒரு தாளைத் திருவல்லிக்கேணியில் எந்த அச்சகத்திலும் அரை மணி நேரத்தில் அடித்து வாங்கலாம். ஜமுனாபாரி உத்தரப் பிரதேசத்தில் யமுனையும் சம்பலும் பாயும் எட்டாவாப் பகுதியின் ஆடு. கிளிமூக்கைப்போல வளைந்த முகமும், மடிந்து தொங்கும் நீளக் காதும், பின்தொடையில் குஞ்சம்போன்ற நீண்ட மயிரும் அதன் அடையாளங்கள். எங்கள் ஆடுகளுக்குக் காது மட்டும் நீளம். முகம் நேராக இருந்தது. கலப்பினமாக இருப்பது குற்றமில்லை. நன்றாகக் கறக்கும் கலப்பு ஆடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் கலப்பு ஆட்டைத் தூய இனத்தின் விலைக்கு விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. அத்துடன், ஜமுனாபாரி எட்டிக் கடித்துத் தழை மேயும் ஆடு. கொட்டிலில் கட்டிப்போட்டு வளர்ப்பதற்கு அதே மாநிலத்தின் சிறிய உருவுள்ள பார்பாரிதான் ஏற்றது. இதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டும். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாதவரத்தில் இருக்கிறது. ஆடு வாங்கும் முன் அங்கே ஒருவரிடமும் வாய் திறக்காத நாங்கள், வாங்கிய பிறகு ஆறு முறை போனோம்.

இரண்டாவது ஆடான அல்லிக்கு மடி நன்றாக இருந்தது. எட்டாம் நாள் இருமலும் கழிச்சலும் கண்டது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்று வாய்மொழியாகச் சொன்னதற்கு ஒரு சீட்டுகூட எங்களிடம் இல்லை. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. புதிதாக வரும் ஆடுகளை மூன்று வாரமாவது தனியே கட்ட வேண்டும் என்பதும், கருச்சிதைவு நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யாத ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் அந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடும் என்பதும் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டவை. கறந்த சூட்டோடு குடித்தால் நல்லது என்று என் தம்பி முதல் நாளே ஒரு குவளை குடித்துவிட்டு, பரிசோதனை முடிவு வரும்வரை முகம் வெளுத்துத் திரிந்தான்.

கண்காட்சிக்கு அல்லியை மட்டும் அழைத்துச் சென்றார்கள். பதிவு மேசையில் இருந்த அலுவலர், படிவத்தில் 'ஜமுனாபாரி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஆட்டைப் பார்த்து, பேனாவால் அதை அடித்து 'கலப்பு' என்று எழுதினார். பரிசு ஏதும் இல்லை. நான்கு வாரம் பழக்கியதில் அல்லி கயிறு தளர்ந்திருக்கும்போதும் தம்பி மகளின் தோளோடு தோளாக நடந்தது என்பதை மட்டும் நடுவர் பாராட்டிச் சொன்னார்.

விற்றவர் முதலில் தொலைபேசியை எடுத்தார். "உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். பிறகு, வேறு ஆடு மாற்றித் தருகிறேன், 5,000 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். பதில் வராததால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீது இல்லாத எங்களுக்குத் துணையாக நிற்பவை பணம் அனுப்பிய பதிவு, அவர்களுடைய விளம்பரக் காணொளி, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, பிள்ளைகள் எடுத்த அந்தக் கறவைக் காணொளி ஆகிய நான்கும்தான். விளம்பரக் காணொளியை அவர்கள் நீக்கும் முன்பே அண்ணன்காரன் பதிவிறக்கி வைத்தது நல்லதாயிற்று.

கறவை ஆடு வாங்கப் போகிறவர்கள் முதல் நாள் மாலை போய், உங்கள் கண் முன்னால் மடியை ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள். வெறும் மடியை இரு கையாலும் தடவி, கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் போய், அங்கேயே நின்று கறவையை அளந்து பாருங்கள்.

சென்ற மாதம் திருவள்ளூர்ப் பக்கம் பார்பாரி ஆடு ஒன்று விலைக்கு வந்தது. மாலை ஐந்து மணிக்குப் போய், வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "இப்போது ஒட்டக் கறந்துவிடுங்கள் அண்ணா, காலையில் ஐந்து மணிக்கு நாங்கள் மறுபடியும் வருகிறோம்" என்றாள் தம்பி மகள். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆட்டை வேறொருவருக்குப் பேசி முடித்தாயிற்று என்றார். கறுப்புத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.