ராயபுரம் வெயிலில் நாலு வருஷம்: வீட்டில் கலக்கிய ஃபிலிம் டெவலப்பர்கள்

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைதான் என் இருட்டறை. சித்திரை மதியம் குழாயைத் திறந்தால் தண்ணீர் 33 டிகிரியில் கொட்டும். கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிற கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதினது. காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி வந்து பக்கெட்டில் போட்டு 24-க்கு இறக்குவேன், அதற்குமேல் மல்லுக்கட்டுவதில்லை. எச்பி5 ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிஷம். 24-இல் ஏறக்குறைய 8.

முதலில் கலக்கினது டி-76தான். கோடாக் 1927-இல் கொண்டுவந்த சூத்திரம். லிட்டருக்கு மெட்டால் (படத்தைக் கறுக்க வைக்கும் மருந்து) 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேட்டு அலைந்தால் எல்லாம் கிடைக்கும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி குட்டித் தராசு ஒன்று வேண்டும். 2 கிராம் மெட்டாலைக் கண்ணளவில் போடக் கூடாது.

என் முதல் லிட்டர் வீணானதே கலக்குகிற வரிசை தப்பியதில்தான். சல்ஃபைட்டை முழுசாகக் கொட்டிவிட்டு மெட்டாலைப் போட்டேன். வெந்நீரில் வெள்ளையாக மிதந்துகொண்டே இருந்தது, அரை மணி நேரம் கலக்கியும் கரையவில்லை. சல்ஃபைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரைய அடம் பிடிக்கும். மெட்டாலை முதலில் போட்டால் காற்றுபட்டுப் பழுப்பேறும். அதனால் 50 டிகிரி தண்ணீரில் சல்ஃபைட் ஒரு சிட்டிகை, அப்புறம் மெட்டால், அது தெளிந்தபின் மிச்ச சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், கடைசியில் போராக்ஸ்.

டி-76-இல் எனக்குப் பிடிக்காதது அது சும்மா இருக்காது என்பதுதான். பாட்டிலில் காற்று இருந்தால் ஹைட்ரோகுவினோன் ஆக்ஸிஜனோடும் சல்ஃபைட்டோடும் வினைபுரிந்து காரத்தை ஏற்றும். கெட்டுப்போவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அதிக வேகமாக வேலை செய்யும். மூன்றாவது வாரம் கழுவின நெகட்டிவ் முதல் வாரத்ததைவிடக் கறுப்பேறி இருந்தது. நான் எக்ஸ்போஷரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நிரம்பின பாட்டிலுக்கு ஆறு மாசம், பாதி பாட்டிலுக்கு இரண்டு மாசம் என்பார்கள். நம்ம ஊர் வெயிலில் நான் பாதி பாட்டிலை ஒரு மாசத்துக்கு மேல் நம்புவதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் அடியில் உப்புப் பூத்துவிடும். ஒருமுறை வைத்தும் பார்த்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, வூட்ல புள்ளைங்க கீதுங்க" என்று அம்மா போட்ட சத்தத்தோடு அந்தச் சோதனை முடிந்தது. சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதி ஒட்டினதும் அன்றைக்குத்தான்.

இப்போது காயலான் கடையில் பொறுக்கின பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள்தான், கால் லிட்டர் அளவில். குறைந்தால் கோலிகுண்டு போட்டுக் கழுத்துவரை ஏற்றிவிடுவேன். குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் மெதுவாகக் காற்றை உள்ளே விடும், வேண்டாம்.

காபி டெவலப்பர் ஆர்வத்தில் செய்ததுதான். இன்ஸ்டன்ட் காபி, சலவை சோடா, வைட்டமின் சி. சோடாவில் ஒரு கண் வேண்டும்: படிகமாகக் கிடைப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர், நீரற்ற சோடாவுக்குச் சொன்ன எடையை 2.7 மடங்காக்க வேண்டும். வாடை எங்கள் மீன்மார்க்கெட்டையே தோற்கடிக்கும். அதைவிடப் பெரிய குறை, ஆயுளே கிடையாது. சனிக்கிழமை ராத்திரி கலக்கின மிச்சத்தில் மறுநாள் காசிமேட்டு மீன் ஏலத்தைப் படமெடுத்த ரோலைப் போட்டேன். படமே இல்லாமல் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. ஃபிலிம் ஓரத்தில் கம்பெனியே பதித்த எண்கள்கூட இல்லை. அப்படியென்றால் கேமரா மேல் பழி இல்லை, டெவலப்பர் செத்துவிட்டது. காபி நிறத்திலேயே இருப்பது செத்ததா பிழைத்ததா என்று பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? போதாததற்கு அன்று போர் தண்ணீர் ஊற்றியிருந்தேன். இரும்புச் சத்து வைட்டமின் சி-க்கு எமன். இப்போது எதைக் கலக்கினாலும் கேன் தண்ணீர்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ரோலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுவேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் கரியாகக் கறுக்க வேண்டும். சாம்பலாக நின்றால் அந்த பாட்டில் சாக்கடைக்கு.

அதிகம் உழைத்தது மாத்திரை டெவலப்பர். 1891-இல் ஆக்ஃபா விற்க ஆரம்பித்த ரோடினால் என்ற டெவலப்பரின் ஏழை உறவு. பாராசிட்டமால் 15 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 30. 650 என்றால் 23. அதோடு சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20, மொத்தம் 250 மில்லி. காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். மூன்று நாள் விட்டுத்தான் எடுத்தேன். மழைக்காலத்தில் காஸ்டிக் செதில்கள் டப்பாவுக்குள்ளேயே கசிந்து கட்டியாகும், அதனால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.

நான் கலக்கினது தேன் நிறத்தில் இருந்தது. இரண்டு வருஷம் ஆகிறது, டிகாக்‌ஷன் கறுப்பு, அடியில் படிகம். போன வாரம் ஒன்றுக்கு ஐம்பது கலந்து நாக்கைப் போட்டேன், கறுத்தது. நெகட்டிவில் மணல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு, கொஞ்சம் தூக்கல்தான்; துறைமுகத்து வலை, கயிறு, துருப்பிடித்த விசைப்படகுக்கு அது பொருந்துகிறது. முகம் எடுக்கிற ரோலுக்கு டி-23 டெவலப்பர்: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100, அவ்வளவுதான். அரை லிட்டர் கலக்கி, அந்த மாசமே தீர்த்துவிடுகிறேன்.