வட்டு பெரிதானது, இடம் பெருகவில்லை: சர்வர் பராமரிப்பில் நான் ஏமாந்த விதம்

எங்கள் அச்சகத்தின் கணக்குகளும் வாடிக்கையாளர்கள் அனுப்பும் வடிவமைப்புக் கோப்புகளும் ஒரு கிளவுட் சர்வரில் இருக்கின்றன. அதன் 50 ஜிபி வட்டு நிரம்பும் தறுவாயில் இருந்தபோது, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அதை 200 ஜிபியாக உயர்த்திவிட்டதாகச் சொல்லி 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். கிளவுட் நிறுவனத்தின் திரையிலும் 200 என்றே காட்டியதால் நானும் நம்பிவிட்டேன்.

நான்கு மாதங்களில் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுபோனது. "உங்கள் கோப்புகள் அவ்வளவு பெருகிவிட்டன, சார்" என்றவர், வட்டை 500 ஜிபியாக உயர்த்தினார். அப்போதும் நிலைமை மாறாததால், சர்வரே பழையதாகிவிட்டது என்றும், புதியதற்கு மாற்ற 35,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்.

சர்வரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் அறிந்த என் தங்கை மகன் சர்வருக்குள் சென்று, வட்டுகளின் அளவைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை இட்டதும் உண்மை தெரிந்தது: வட்டு 500 ஜிபி, அதில் கோப்புகளுக்கெனப் பிரித்த பகுதியான பார்ட்டிஷனோ பழைய 50 ஜிபி. பக்கத்து மனையை வாங்கிப்போட்டுவிட்டு மதிலை இருந்த இடத்திலேயே விட்ட கதைதான். திரையில் அளவை உயர்த்திய பின், குரோபார்ட் கட்டளையால் பார்ட்டிஷனையும், அதன் பிறகு அதற்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையையும் விரிக்க வேண்டும் (அது எக்ஸ்ட்4 வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால், எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளையால்); சர்வரை நிறுத்தாமலேயே இவற்றைச் செய்ய முடிகிறது. எங்கள் வட்டில் துளியும் இடமில்லாததால், தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் குரோபார்ட் முதலில் தோற்றது. வட்டின் அப்போதைய நகலான ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவைத்து, சர்வரின் பழைய நிகழ்வுப் பதிவுக் கோப்புகள் சிலவற்றை நீக்கிய பிறகே அது ஓடியது. ஆக மொத்தம் அரை மணி நேர வேலை.

இத்தகைய வேலைக்குப் பணம் கொடுக்கும் முன், கோப்புகளுக்கு உண்மையில் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டும் அளவை வேலைக்கு முன்னும் பின்னும் கேட்டு வாங்குங்கள். கிளவுட் திரையின் எண்ணை ஏற்காதீர்கள். கட்டணம் பயன்படுத்திய இடத்துக்கன்று, ஒதுக்கிய அளவுக்கே வசூலிக்கப்படுவதால், எட்டாத 150 ஜிபிக்கு நான்கு மாதம் வாடகை கட்டியிருக்கிறேன். அதைவிட எரிச்சல், உயர்த்திய வட்டை அந்தச் சேவையில் குறைக்க வழியில்லை என்பது. சிறிய வட்டு ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்கும் வரை 500 ஜிபிக்கே கட்ட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வட்டைப் பெரிதாக்கத்தானே சொன்னீர்கள்" என்று பதில் வந்தது.