எம்பரர் குட்டி என்று சொல்லி புளூ ரிங்கைத் தலையில் கட்டுகிறார்கள்: கடல் ஏஞ்சல் வாங்கப் போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. எம்பரர், புளூ ரிங் போன்ற பெரிய ஏஞ்சல் மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் முழுவதும் படித்துவிடுங்கள். நன்னீர்த் தொட்டியில் விடும் ஏஞ்சலைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒட்டு.

நடந்தது இதுதான். திருப்பூரில் ஒரு வீட்டில் நான்கடி தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், விளிம்பு வரை நிறைத்தால் 255 லிட்டர். இரண்டு கிளவுன் மீனும் ஒரு டாம்சல் மீனும் பல மாதமாக எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. கோவையில் ஒரு கடையில் 3 இன்ச் மீன் ஒன்றை, "எம்பரர் குட்டிங்ணா, இந்த ரேட்டுக்கு வேற எங்கயும் கிடைக்காதுங்ணா" என்று 8,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நாலடி தொட்டி போதுமா என்று கேட்டதற்கு, "தொட்டிக்குத் தக்கன தான் மீன் வளரும், பயப்படாதீங்க" என்று பதில். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து விட்டால் போதும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே செய்தார்கள். இரண்டாம் நாள் மீன் இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் கருவி) ஓட்டத்துக்கு எதிரே நின்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. ஒன்பதாம் நாள் கிளவுன் இரண்டிலும் வெள்ளைப் புள்ளி.

கடைக்குப் போன் போட்டால், "உங்க தண்ணி சரியில்லைங்ணா. கடல் மீனுக்கு கேரண்டி கிடையாதுங்ணா." கையில் இருந்த சீட்டில் "மீன் 1" என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இதில் மூன்று பொய் இருக்கிறது. மூன்றையும் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே பிடித்துவிட முடியும்.

முதல் பொய், மீனின் பெயர். எம்பரர், கொரான், புளூ ரிங் மூன்றும் பொமகாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. குட்டியாக இருக்கும்போது மூன்றுமே கருநீல உடம்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கடையின் நீல விளக்கில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். பிறகு உடம்பின் பின்பாதியைப் பாருங்கள். எம்பரர் குட்டிக்கு வாலுக்கு முன்னால் வெள்ளைக் கோடு முழு வட்டமாக மூடியிருக்கும், அதைச் சுற்றி அடுத்தடுத்த வளையங்கள். கொரான் குட்டியில் கோடுகள் பிறை போல வளைந்திருக்கும், வட்டம் மூடாது. புளூ ரிங் குட்டியில் கோடுகள் மேலிருந்து கீழாகக் கிட்டத்தட்ட நேராக இறங்கும், லேசான வளைவுதான் இருக்கும். அந்த வீட்டில் எடுத்த படத்தில் இருந்தவை நேர்க்கோடுகள். அது புளூ ரிங்.

புளூ ரிங் மட்டமான மீன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் கிடைக்கிற மீன், தாக்குப்பிடிக்கிற மீன். வளர்ந்தால் பழுப்பு உடம்பில் நீலக் கோடுகள் மேல்நோக்கி வளைந்து ஏறும், வால் வெள்ளையாக இருக்கும், செவுளுக்குப் பின்னால் ஒரு நீல வளையம் விழும். எம்பரருக்கு வருகிற மஞ்சள் நீலப் படுக்கைக்கோடு இதற்கு எந்தக் காலத்திலும் வராது. உள்ளூரில் பிடிபடும் மீனை எம்பரர் விலைக்கு விற்றதுதான் மோசடி. நிறம் மாறக் காத்திருந்து, ஒரு வருடம் கழித்துத்தான் ஏமாந்தது தெரியும் என்ற தைரியத்தில் விற்கிறார்கள்.

இரண்டாவது பொய்தான் மீனைக் கொன்றது. ஒரு மணி நேரம் சொட்டு விட்டால் போதும் என்றது. சிக்கல் கடைத் தண்ணீரில்.

மீன் வந்த பையில் அரை லிட்டர் தண்ணீர் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் 1.013 (நீரின் அடர்த்தி எண், உப்பு கூடினால் இதுவும் கூடும்). வீட்டுத் தொட்டியில் 1.025. காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் செம்பு மருந்து) டெஸ்ட் போட்டால் நிறம் ஏறியது. கடையில் உப்பைக் குறைத்து வைப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. உப்புச் செலவு பாதியாகும், ஒட்டுண்ணியும் அடங்கி இருக்கும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு உப்பைக் குறைத்து வைத்தியம் செய்வது உண்மையான முறைதான். ஆனால் அதற்கு 1.009-ல் அசையாமல் ஒரு மாதம் நிறுத்த வேண்டும். 1.013 என்பது வைத்தியமும் இல்லை, கடலும் இல்லை. நோய் போகாது, வெளியே தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். கொஞ்சமாகக் காப்பர் போட்டு வைப்பதும் அப்படித்தான். கடையில் பளபளவென்று இருக்கும் மீன், காப்பர் இல்லாத வீட்டுத் தொட்டிக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் புள்ளி போடுகிறது. பழி வீட்டுத் தண்ணீர் மேல் விழுகிறது.

உப்பு குறைந்த நீரில் இருந்த மீனை ஒரு மணி நேரத்தில் முழுக் கடல்நீருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றியுள்ள உப்பு உடம்பிலிருந்து நீரை இழுக்கும். அதை ஈடுகட்ட மீன் நிறையக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்கான செல்கள் செவுளில் பெருகுவதற்கு நாள்கணக்கில் ஆகும். முதல் நாள் மீன் நன்றாகத்தான் நீந்தும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் சாகும். உப்பைக் குறைப்பதை மீன் ஓரளவு தாங்கும், வேகமாக ஏற்றுவதைத் தாங்காது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் இருக்கும் முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம், அதில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு மாறும். உங்கள் கருவியையும் 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) திரவத்தில் சரிபார்த்து வைத்திருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் காட்டுவதால் மேலே உள்ள அளவும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீரை அளக்கவே விடாத கடையில் மீன் வாங்காதீர்கள்.

கடையில் 1.013 என்றால் வீட்டில் குவாரண்டைன் தொட்டியை (புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) முன்கூட்டியே 1.013-க்குக் கலக்கி வையுங்கள். 3 இன்ச் ஏஞ்சலுக்கு மூன்றடி தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் போதும். மணல், கல் எதுவும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சும். ஒளிந்துகொள்ள 4 இன்ச் பிவிசி எல்போ இரண்டு, ஓடும் தொட்டியில் ஊறிய ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப், மேலே மூடி. தினம் 0.001 வீதம் உப்பை ஏற்றுங்கள். 100 லிட்டருக்கு 140 கிராம் கணக்கு, 150 லிட்டருக்கு 210 கிராம். ஒரு வாளித் தண்ணீரை வெளியே எடுத்து அதில் உப்பைக் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். 1.025-க்கு வர 12 நாள் ஆகும். அவசரம் என்றால் தினம் 0.002, அதற்கு மேல் கூடாது.

மீனை மாற்றும்போது வலை போடாதீர்கள். ஏஞ்சலுக்குச் செவுள் மூடியில் பின்நோக்கி ஒரு முள் இருக்கிறது, வலையில் மாட்டி இழுத்தால் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு அள்ளுங்கள். பைத்தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது, அரை லிட்டர் மட்டும் பாட்டிலில் பிடித்துத் தேதி போட்டு வையுங்கள். சென்னையிலிருந்து இரவு பஸ் பார்சலில் வரும் மீனுக்குச் சொட்டு முறையே ஆகாது. பையைத் திறந்ததும் உள்ளே அடைந்திருந்த கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை தீங்கு செய்யாமல் இருந்த கழிவு விஷ அம்மோனியாவாக மாறும். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் உப்பளவு ஒத்த தொட்டிக்கு உடனே மாற்ற வேண்டும். அனுப்புகிறவரிடம் உப்பளவை முதல் நாளே கேட்டு வாங்காவிட்டால் இது நடக்காது.

இரை எடுக்க ஆரம்பித்து நான்கைந்து நாள் ஆன பிறகு நன்னீர்க் குளியல் ஒன்று கொடுங்கள். பெரிய ஏஞ்சல்களில் தோல்புழு மிகச் சாதாரணம், கண்ணாடி போல இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆர்ஓ தண்ணீரில் காற்று விட்டு, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பிஎச் 8.2 ஆக்கி, 5 நிமிடம். மீன் சாய்ந்து துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள். புழு இருந்தால் எள் அளவில் வெள்ளையாக அடியில் உதிர்ந்து கிடக்கும். அப்படிக் கண்டால் பிரசிகுவான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை அந்த மருந்து கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை கட்டாயம். காப்பர் போடுகிறவர்கள் அந்த வகைக் காப்பருக்கு உரிய டெஸ்ட் கிட் இல்லாமல் தொடவே வேண்டாம். அம்மோனியா நீக்கி திரவத்தைக் காப்பரோடு சேர்த்து ஊற்றுவது நேரடியாக விஷம் வைப்பது போல.

மூன்றாவது பொய், தொட்டிக்குத் தக்கன வளரும் என்பது. எம்பரர் 40 செ.மீ. வரை வளரும், புளூ ரிங் 45. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஒன்றரை அடி மீன் திரும்பக்கூட முடியாது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைந்தால் அது மீன் ஒத்துப்போவது இல்லை, நலிவது. தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழுவது அதன் பிறகு வருகிறது. குட்டிக்கே 6×2×2 அடி, 680 லிட்டர் வேண்டும், வளர்ந்த மீனுக்கு 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும். 8×2.5×2.5 என்றால் தண்ணீர் மட்டும் 1,400 கிலோவுக்கு மேல், மாடி வீட்டில் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. "ஜோடி" என்று இரண்டு பெரிய ஏஞ்சலைக் கொடுப்பதும் உண்டு. ஒரு தொட்டிக்கு ஒன்றுதான், இரண்டு விட்டால் ஒன்று மற்றதைக் குதறிவிடும்.

மீன் இரை எடுப்பதை ஒரு தடவை பார்த்தால் போதாது, இரண்டு வேறு நாளில் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கி இருந்தால் விட்டுவிடுங்கள். 3 முதல் 4 இன்ச் தான் வாங்கத் தக்க அளவு. 2 இன்ச்சுக்குக் கீழே பட்டினியில் போய்விடும், பெரிய மீன் தொட்டி இரைக்குப் பழகுவது அரிது. இரை எடுக்காத மீனுக்கு உக்கடம் மீன் மார்க்கெட்டில் பச்சை மட்டி கிடைத்தால் ஓட்டோடு பிளந்து வையுங்கள், பெரும்பாலும் அதில்தான் வாய் வைக்கும். பிறகு இறால், கணவாய், நோரி (கடற்பாசித் தாள்), ஸ்பைருலினா, பஞ்சுயிர் (கடல் ஸ்பான்ஜ்) கலந்த உறைந்த இரை. கட்லா, ஜிலேபி போன்ற ஆற்று மீன் வேண்டாம்.

இந்தக் கடைகளில் உப்பிலும் ஏமாற்று நடக்கிறது. மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் விற்கும் உப்பில் சாதாரணக் கல் உப்பு கலந்திருக்கலாம். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம் வரும் ஆர்ஓடிஐ (ஆர்ஓவுக்குப் பின் மேலும் சுத்திகரித்த) தண்ணீரில் ஒரு லிட்டர் கலக்கி அளந்து பாருங்கள்: ஆல்கலினிட்டி 7 முதல் 11 டிகேஎச், கால்சியம் 400 பிபிஎம்முக்கு மேல், மெக்னீசியம் 1,250 பிபிஎம்முக்கு மேல் வர வேண்டும். போர் தண்ணீரில் கலக்கிப் பார்க்காதீர்கள், நம் ஊர் உப்புத் தண்ணீரின் கடினம் அந்தக் குறையை மறைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் குளோரின் உண்டு, அதையும் ஆர்ஓ வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

"ராமேஸ்வரம் லைவ் ராக்" என்று பவளக் கல்லையும் சேர்த்து விற்பார்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வாங்கி வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும். சுட்ட பீங்கான் கல்லே போதும்.

பில்லில் மீனின் பெயர், அளவு, விலை, தேதி எழுதி வாங்குங்கள். கடையில் எடுத்த வீடியோ, பைத்தண்ணீர், அளந்த எண் தெரியும் படம் மூன்றும் சேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

திருப்பூர்த் தொட்டியில் இப்போது மீன் இல்லை. கிளவுன் இரண்டும் டாம்சலும் குவாரண்டைனில் காப்பரில் இருக்கின்றன. ஒட்டுண்ணியின் கூடுகள் முழுதும் பொரிந்து பட்டினியில் சாக வேண்டும் என்பதால் பெரிய தொட்டியை 76 நாள் வெறுமனே ஓட்டுகிறார்கள்.